ஒன்பதாவது வள்ளல்

முல்லைக்கொடி படரக் கொம்பில்லாமல் தவிப்பதைப் பார்த்துப் பாரி தன் தேரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போனான். மயிலுக்குக் குளிருமே என்று பேகன் போர்வையைக் கழற்றிப் போர்த்தினான். கடையெழு வள்ளல்கள் என்று ஏழு பேரோடு கணக்கை முடித்தார்கள் முன்னோர். எட்டாவது இடம் கோடம்பாக்கம் வழியாகக் கோட்டைக்குப் போனவருக்குக் கிடைத்தது. ஒன்பதாவது இடம் இன்னும் காலி. அந்த இடத்துக்குக் கேரளத்தின் மின்சாரத் துறையை முன்மொழிகிறேன். வாரியம், ஒழுங்குமுறை ஆணையம், அரசு மூன்றையும் ஒரே வள்ளலாக எண்ணிக்கொள்ளலாம். செலவு என்று வரும்போது அவர்களும் அப்படித்தான் எண்ணிக்கொள்கிறார்கள்.

தேர் கொடுத்தவர்கள் உண்டு, போர்வை கொடுத்தவர்கள் உண்டு. காற்றைக் கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது கிலோமீட்டருக்கு மேல் விலகி நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய். வைகாசி கழிந்தால் அரபிக்கடலின் காற்று அந்த வாசலில் முண்டியடித்துக்கொண்டு நுழையும். ஆடி மாதம் கொழிஞ்சாம்பாறைச் சாலையில் சைக்கிள் விட்டவர்களைக் கேளுங்கள். கிழக்கே போனால் மிதிக்க வேண்டாம். மேற்கே போனால் மிதித்துப் பயனில்லை. இப்படி ஒரு காற்று வாசலில் வந்து நிற்கும்போது சாதாரண நிர்வாகம் என்ன செய்யும்? பேராசைப்பட்டு அதை மறித்துக் காத்தாடி நடும். வாரியம் பேராசைப்படவில்லை. 1995-ல் காஞ்சிக்கோட்டில் ஒன்பது காத்தாடிகளை நட்டது. ஒவ்வொன்றும் 225 கிலோவாட், ஆகமொத்தம் 2.025 மெகாவாட். அந்தக் கடைசி .025-ஐக்கூட விடாமல் எல்லா அறிக்கையிலும் எழுதும் நேர்மையைக் கவனியுங்கள். அதோடு போதும் என்று வாரியம் கையைக் கட்டிக்கொண்டது. பிறகு அட்டப்பாடியிலும் இராமக்கல்மேட்டிலும் காஞ்சிக்கோட்டிலும் தனியார் சிலர் நட்டதையும் கூட்டினால், முப்பது ஆண்டு உழைப்பில் மொத்தக் கேரளத்தின் காற்றாலைத் திறன் எழுபது மெகாவாட்டைச் சுற்றி நிற்கிறது.

மிச்சக் காற்று? வாளையாறு தாண்டி, கோபாலபுரம் தாண்டி, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று கொங்கு நாட்டுக்குள் போய்விடுகிறது. அங்கே சோளக்காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே வரிசை வரிசையாகக் காத்தாடிகள் அதை வாங்கிச் சுற்றுகின்றன. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு என்று தமிழ்நாட்டுக் காத்தாடிகள் நம்பியிருக்கும் கணவாய்கள் எதை எடுத்தாலும் அந்தத் தென்மேற்குக் காற்று கேரளத்தின் கொல்லைப்புறம் வழியாகத்தான் வந்தாக வேண்டும். வாடகை கேட்டார்களா? வழிவரி கேட்டார்களா? முல்லைப்பெரியாற்றில் ஓர் அடித் தண்ணீருக்கு உச்ச நீதிமன்றம் வரை போன இரு மாநிலங்களுக்கு நடுவே, காற்றுக்காக ஒரு வழக்கும் இல்லை என்றால் அந்தப் பெருமை யாரைச் சேரும்? சென்னையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனம் அளந்து பார்த்து, 120 மீட்டர் உயரத்தில் கேரளத்தில் 2,600 மெகாவாட்டுக்கு வாய்ப்பு உண்டு என்று எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்தும் மனம் சலனப்படாமல் இருந்தார்கள் பாருங்கள், அதற்குத் தவம் வேண்டும்.

கொடுத்த கை சும்மா போகாது என்பார்கள். போகவில்லை. தமிழ்நாட்டுப் புகளூரிலிருந்து 2,000 மெகாவாட் சுமக்கும் நேர்மின் பாதை ஒன்று 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பாலக்காட்டு வடக்கஞ்சேரி வரை கோபுரங்களில் வந்து, அங்கே மண்ணுக்குள் இறங்கித் திருச்சூர் மாடக்கத்தறைக்குப் போகிறது. புகளூருக்கு அந்த மின்சாரம் சத்தீஸ்கரின் ராய்கர் பக்கத்திலிருந்து வருகிறது. நிலக்கரி பூமி. ஆக, காற்று கிழக்கே போகும் அதே கணவாய் வழியாகக் கரண்டு மேற்கே திரும்பி வருகிறது. போனது இலவசம். வருவதற்கு யூனிட் கணக்கில் விலையும், கம்பிக்கு வாடகையும், வழியில் கரையும் இழப்பும் உண்டு. நாற்பத்து நான்கு ஆறுகள் ஓடும் மாநிலம், தான் செலவழிக்கும் மின்சாரத்தில் எழுபது சதவீதத்தை வெளியே வாங்குகிறது. இருப்பதை எடுத்து உபயோகிப்பது எல்லோரும் செய்வது. இருந்தும் கேட்டு வாங்குவதற்கு ஒரு பணிவு வேண்டும்.

கொடைக்கு வாரியம் என்றால் நீதிக்கு ஆணையம். 2002-ல் அமைந்தது கேரள மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். மனுநீதிச் சோழன் ஒரு கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் கிடத்தினான் என்று திருவாரூர்க்காரர்கள் இன்றும் பெருமைப்படுகிறார்கள். ஒரே ஒரு மகன். ஆணையம் 465 மெகாவாட்டைக் கிடத்தியது.

கதையைச் சொல்லிவிடுகிறேன், பாராட்டு அளவோடு இருக்கக் கூடாது. 2014-ல் வாரியம் டெண்டர் விட்டு 25 ஆண்டுக்கு மின்சாரம் வாங்க ஒப்பந்தங்கள் போட்டது. அவற்றில் நான்கு, 115, 100, 100, 150 மெகாவாட் என்று கூட்டி 465. விலை யூனிட்டுக்கு 4 ரூபாய் 15 காசும் 4 ரூபாய் 29 காசும். குறைந்த விலை சொன்னவரோடு நிற்காமல் அவருக்கு அடுத்து நின்றவர்களிடமும் வாங்கினார்கள். மத்திய அரசின் டெண்டர் விதியிலிருந்து விலகும்போது முன் அனுமதி வாங்க வேண்டும், வாங்கவில்லை. இது குற்றம்தான், நான் மறுக்கவில்லை. ஆணையமும் 2016-லேயே கண்ணைச் சுருக்கியது. ஆனால் சுருக்கிய கண்ணோடு பார்த்துக்கொண்டே இருந்தது. மின்சாரம் வந்தது. வீடுகளில் விளக்கு எரிந்தது. கட்டணம் வசூலானது. 2023 மே 10-ஆம் தேதி ஆணையம் தீர்ப்பு சொன்னது: ஒப்பந்தங்கள் செல்லாது. எட்டு ஆண்டுக்கு மேல் யோசித்து எடுத்த முடிவு என்பதால் அவசரப்பட்டார்கள் என்று எதிரிகூடச் சொல்ல முடியாது.

நீதி நிலைத்தது. வானம்தான் ஒத்துழைக்கவில்லை. அந்த ஆகஸ்டில் கேரளத்தில் நூற்றாண்டு காணாத வறட்சி. அணைகளில் தண்ணீர் இறங்கியது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், எல்லா மாநிலமும் விளக்குப் போடும் நேரத்தில், மின்சாரச் சந்தையில் விலை உச்சவரம்பான 10 ரூபாயைத் தொட்டு நிற்கும். நாலே காலுக்கு வந்துகொண்டிருந்ததைக் கொள்கைக்காகத் துறந்த வாரியம் அந்தச் சந்தையில் போய் வரிசையில் நின்றது. மனுநீதிச் சோழன் தன் மகனைத்தான் கிடத்தினான். தீர்ப்பின் செலவைக் குடிமக்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் யோசனை பாவம் அவனுக்குத் தோன்றவில்லை.

பெரியபுராணத்தில் கடைசியில் இறைவன் தோன்றுகிறான். கன்றும் மகனும் உயிர்த்தெழுகிறார்கள். இங்கே அமைச்சரவை தோன்றியது. அக்டோபரில் கூடி, மின்சாரச் சட்டத்தின் 108-ஆம் பிரிவைச் சொல்லி, பொதுநலன் கருதி மறுபடி பாருங்கள் என்று ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. டிசம்பர் 29-ஆம் தேதி ஆணையம் ஒப்பந்தங்களை உயிர்ப்பித்தது. மே மாதம் சட்டவிரோதமாக இருந்தது டிசம்பரில் பொதுநலனாக மாறியதைக் குறை சொல்பவர்களுக்குக் காலத்தோடு வளரும் மனம் இல்லை. உயிர்த்தெழ வேண்டியவர்கள்தான் எழவில்லை. பழைய விலைக்கு விற்க நிறுவனங்கள் தயாராக இல்லை. தில்லியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2024 ஜூலையில் தீர்ப்பாயம் உயிர்ப்பித்ததே தப்பு என்று சொல்லிவிட்டது. கொன்றதும் நாமே, எழுப்பியதும் நாமே, எழுந்து வராததற்கு மட்டும் பிறர் பொறுப்பு. இவ்வளவு நேர்த்தியாகப் பொறுப்பைப் பிரித்து வைத்த இன்னொரு நிர்வாகத்தை நான் பார்த்ததில்லை.

2024 டிசம்பரில் கட்டணம் யூனிட்டுக்குச் சராசரி 16 காசு கூடியது. அடுத்த நிதியாண்டுக்கு 12 காசு அப்போதே எழுதி வைக்கப்பட்டது. இதிலும் ஒரு கருணை உண்டு. கோடைக்கால மாதங்களுக்குத் தனியாகப் பத்துக் காசு வேண்டும் என்று வாரியம் கேட்டது. ஆணையம் முடியாது என்றது. வெயில் காலத்துக்குத் தனி வரியா என்று ஆணையத்தின் மனம் இளகியிருக்கும். ஆகவே வருஷம் முழுக்கப் பரவலாகக் கூட்டினார்கள்.

இந்தக் காவியம் முழுக்கச் சுருங்கி நம் கைக்கு வரும் இடம் கரண்டு பில். அதை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் ரீடர் வந்து, இடுப்பில் தொங்கும் சின்ன இயந்திரத்திலிருந்து, பஸ் டிக்கெட்டை விடக் கொஞ்சம் அகலமான தாளைக் கிழித்துக் கொடுக்கிறார். அதில் பிக்சட் சார்ஜ் ஒரு வரி. எரித்த யூனிட்டுக்கு ஒரு வரி. அதன் மேல் பத்து சதவீதம் டியூட்டி ஒரு வரி. நம் சுவரில் நம்மை வேவு பார்க்கும் மீட்டருக்கு வாடகை ஒரு வரி. எரிபொருள் சர்சார்ஜ் ஒரு வரி. இது மாதாமாதம் ஆணையத்தைத் தொந்தரவு செய்யாமல் பத்துக் காசு வரை வாரியமே போட்டுக்கொள்ள 2023 முதல் வழி செய்த அன்புக்கு அடையாளம். மாதக் கணக்கில் 250 யூனிட்டைத் தாண்டினால் இன்னொரு அதிசயம் நடக்கும். தாண்டிய அந்த ஒரு யூனிட் மட்டும் விலை ஏறாது. அதற்கு முன் எரித்த அத்தனை யூனிட்டும் எழுந்து நின்று புது விலையைச் சொல்லும். ஒற்றுமை என்றால் அது. இவ்வளவும் சூடு பட்டால் கறுக்கும் தாளில் அச்சாகிறது. கதவிடுக்கில் செருகி வைத்தால் பாலக்காட்டுப் பங்குனி வெயிலுக்கு அடுத்த பில் வருவதற்குள் எழுத்து மங்கி வெறுந்தாள் ஆகிவிடும். பழையதை மறந்துவிடு என்று உபதேசிக்கும் பில்.

எல்லையில் இருப்பவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு. கோவிந்தாபுரத்துச் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் கேரளம், இரண்டு பக்கமும் மாமன் மச்சான். அந்தப் பக்கம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் 2016 முதல் இலவசம். "ஏனுங் சம்பந்தி, உங்க பில்லு மட்டும் ஏனுங்க இத்தன நீளம்?" என்று கல்யாணப் பந்தியில் கேட்டால், இந்தப் பக்கத்துச் சம்பந்தி விட்டுக்கொடுக்காமல், "எங்குளுது சம்பூரண வைத்யுதி மாவட்டமுங்க" என்பார். உண்மை. நாட்டிலேயே முதலில் எல்லா வீட்டுக்கும் மின்சாரம் போன மாவட்டம் என்று 2010-ல் பாலக்காட்டை அறிவித்தார்கள். 2017-ல் கேரளம் முழுதும் அந்தப் பட்டம் வாங்கியது. கம்பி எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறது, அதை நான் விளையாட்டாகச் சொல்ல மாட்டேன். லைன்மேன்கள் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுபோன கம்பி. அந்தக் கம்பியில் வருவது எங்கிருந்து, என்ன விலைக்கு என்பதுதான் மேலே உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளும் ரகசியம்.

காற்றைத்தான் விட்டார்கள், வெயிலையாவது பிடிப்பார்கள் என்று நினைத்த சிலர் கடன் வாங்கிக் கூரையில் சோலார் பலகை போட்டார்கள். பகலில் மிச்சமானதை வாரியத்துக்குத் தந்துவிட்டு இரவில் அதே அளவு திரும்ப எடுத்துக்கொள்ளும் நெட் மீட்டரிங் முறையை நம்பிச் செய்த காரியம். 2025-ல் ஆணையம் புதிய வரைவு விதி வெளியிட்டது. அந்தச் சலுகை மூன்று கிலோவாட் வரைக்கும் என்றது. அதற்கு மேலே போகிறவர்களுக்குக் கணக்கு வேறு, பேட்டரி வேறு. வாரியத்தின் வாதத்தைக் கேட்டால் கண்ணீர் வரும். பகல் பன்னிரண்டு மணிக்கு யாருக்கும் வேண்டாத மின்சாரத்தைக் கொட்டுகிறீர்கள், இரவு எட்டு மணிக்கு நாங்கள் பத்து ரூபாய்க்கு வாங்கியதை அதற்குப் பதிலாகக் கேட்கிறீர்கள், சோலார் போட முடியாத ஏழை அந்த நஷ்டத்தைச் சுமக்கிறான். ஏழையின் நஷ்டத்தில் வாரியத்துக்கு இருக்கும் அக்கறை 465 மெகாவாட் போனபோது எங்கே போயிருந்தது என்று கேட்பது நாகரிகமில்லை. வரைவைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்ல இணையவழியில் விசாரணை வைத்தார்கள். நேரில் வந்தால் வெயிலில் அலைய வேண்டும், பஸ்ஸுக்குச் செலவாகும், ஆணையத்தார் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். எல்லாத் துன்பமும் மிச்சம். கூச்சல் பெருகிய பிறகு இறுதி விதியில் வரம்பைத் தளர்த்தினார்கள். மக்களை முதலில் பயமுறுத்தி, பிறகு பயத்தைக் கொஞ்சம் குறைத்து, அதற்கு நன்றியும் பெறுவது எல்லோருக்கும் வாய்க்கும் கலையில்லை.

பகலில் மிகுவதை இரவுக்குச் சேமிப்பது எப்படி என்பதுதான் பெரிய கேள்வி என்கிறார்கள். கேள்வியின் விடை இடுக்கியில் குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே கிடக்கிறது. பகலில் சூரியன் ஓடட்டும், மதகைத் திறக்காதே, இரவில் திற. கீழே இறங்கிய தண்ணீரைப் பகல் மின்சாரத்தால் மேலே ஏற்று, மறுபடி இறக்கு. அணைக்கட்டுகள் இவ்வளவு நெருக்கமாக உள்ள மலை நாடு எல்லா மாநிலத்துக்கும் வாய்ப்பதில்லை. இடுக்கிக்கும் பள்ளிவாசலுக்கும் இப்படி நீரேற்றும் திட்டங்களை எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்து அழியாத தாளில்தான் எழுதியிருப்பார்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் நெடுநாள் தாங்க வேண்டும்.

இடுக்கியின் பொறுமையைத் தனியே பாட வேண்டும். வளைவு அணை வேலை 1969-ல் தொடங்கியது. 1976 பிப்ரவரியில் இந்திரா காந்தி வந்து திறந்துவைத்தார். மூலமற்றத்தில் மலையைக் குடைந்து வைத்த 780 மெகாவாட் நிலையத்தின் முதல் பாதி ஏழு வருஷத்துக்குள் ஓடத் தொடங்கிவிட்டது. அது அவசரக்காரர்களின் காலம். பக்கத்திலேயே பள்ளிவாசல். 1940 மார்ச்சில் திறக்கப்பட்ட, கேரளத்தில் அரசு கட்டிய முதல் நீர்மின் நிலையம். அதற்கு 60 மெகாவாட்டில் ஒரு விரிவாக்கம் வேண்டும் என்று 2007-ல் வேலை தொடங்கினார்கள். பழைய குழாய்க்குப் பக்கத்தில் புதிய குழாய், அதே முதிரப்புழைத் தண்ணீர். 2024 கடைசியில்தான் சக்கரம் சுழன்றது. தொடக்க நாளில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த மூணாறுக் குழந்தை பட்டம் வாங்கிவிட்டு வந்து, வேலை கேட்டு, இல்லை என்று கேட்டுக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறும் வரை நிதானமாகக் கட்டினார்கள். காலத்தில் முடித்திருந்தால் அந்த மின்சாரம் எல்லாம் வீணாக எரிந்து தீர்ந்திருக்கும்.

மூணாறு மலைக்குக் கரண்டு புதிதில்லை. தேயிலைக் கம்பெனிகள் போன நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பள்ளிவாசலில் சொந்தமாக மின்சாரம் எடுத்துத் தொழிற்சாலையை ஓட்டின. கொழுந்து வாட்ட அவ்வளவு அக்கறை. கொழுந்து பறித்தவர்கள் லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கோடு இருந்தார்கள். இலைக்கு முதலில் வெளிச்சம், விரலுக்குப் பிறகு. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்களின் மேல் மலை சரிந்தபோது அங்கே கரண்டும் இல்லை, டவரும் இல்லை. செய்தி வெளியே வர விடிய வேண்டியிருந்தது. எழுபது பேர். இதைப் பாராட்ட எனக்கு வாய் வரவில்லை; மேலே போகிறேன்.

இராமக்கல்மேட்டில் நின்றால் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. காற்று வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு கிழக்கே போட்டுவிடும். முதுகுக்குப் பின்னால் ஏலத்தோட்டம். காலடியில் மலை செங்குத்தாக விழுந்து, கம்பம் பள்ளத்தாக்கு படம் விரித்ததுபோல் கிடக்கும். மேட்டில் தனியார் வைத்த காத்தாடிகள் பத்தொன்பது, 750 கிலோவாட் வீதம் 14.25 மெகாவாட். அவற்றைத் தாண்டிய காற்று மலையிறங்கித் தேனி மாவட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறது. இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்கும் கொஞ்சம் புகழ் ஒதுக்க வேண்டும், ஒருதலைப்பட்சம் என்ற பெயர் எனக்கு வேண்டாம். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கத்தில் வந்து லோயர் கேம்பில் விழுந்து மின்சாரமாகிறது. அதற்குத் தமிழ்நாடு கேரளத்துக்குத் தர வேண்டியது, 1970 ஒப்பந்தப்படி, ஒரு கிலோவாட் ஆண்டுக்கு 12 ரூபாய். கிலோவாட் ஆண்டு என்றால் 8,760 யூனிட். வகுத்துப் பார்த்தால் யூனிட்டுக்கு ஒரு காசில் ஏழில் ஒரு பங்குகூடத் தேறாது. நிலத்துக்கு ஏக்கருக்கு 30 ரூபாய் குத்தகை. கேட்டவர்கள் சாமர்த்தியசாலிகள், கொடுத்தவர்கள் வள்ளல்கள். 1970-க்குப் பிறகு இருபக்கமும் எத்தனையோ முதலமைச்சர்கள் வந்து போனார்கள். அணையின் வயதைப் பற்றி நெஞ்சு வலிக்கப் பேசினார்கள். இந்தப் பன்னிரண்டு ரூபாயைப் பற்றிப் பெரிதாகக் குரல் எழும்பியதாக நினைவில்லை. அணை உடையும் என்ற பயத்துக்கு இருக்கும் கைத்தட்டல் பைசாக் கணக்குக்கு இல்லை.

அட்டப்பாடிக்கு வருகிறேன். பவானி கிழக்கே திரும்பி ஓடும் மலை, இருளர் ஊர்கள். அகளிப் பக்கம் 600 கிலோவாட் காத்தாடிகள் முப்பத்தொன்று நிற்கின்றன, 18.6 மெகாவாட். நல்லசிங்காவில் காத்தாடி நின்ற நிலம் யாருடையது என்ற கேள்வி 2010-ல் வெடித்தது. விசாரித்த அரசு, அது ஆதிவாசிகளின் நிலம் என்று ஒப்புக்கொண்டது. கெட்ட மனிதர்கள் என்றால் உடனே பிடுங்கி எறிந்திருப்பார்கள். நம்மவர்கள் நிதானமானவர்கள், காத்தாடி நிற்கட்டும், வருமானத்தில் பங்கு தரலாம் என்ற யோசனை வந்தது. ஆதிவாசி நிலத்தை மீட்டுத் தரும் சட்டத்தையே 1975-ல் இயற்றி, அதற்கான விதிகளை 1986-ல் எழுதிய மாநிலம். நடுவில் இருந்த பதினொரு ஆண்டும் சட்டம் ஓய்வெடுத்தது. அந்த ஓய்வில் எந்த நிலம் எந்தக் கைக்குப் போனது என்று கேட்டால் பட்டா காட்டுவார்கள். பட்டாக்களில் கையெழுத்துக் குறையே இருக்காது. கையெழுத்துப் போடத் தெரியாத ஊரின் நிலங்களுக்கு அத்தனை கச்சிதமான பத்திரம் அமைந்தது அந்த மண்ணின் ராசி.

கட்டாமல் விட்டதில் ஒன்றை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். இதே பாலக்காட்டில் குந்திப்புழையை மறித்து அமைதிப் பள்ளத்தாக்கில் 120 மெகாவாட் எடுக்க இருந்ததை 1983-ல் கைவிட்டார்கள். அதைப் பாராட்ட வேறு குரல் வேண்டும். இன்று நான் அந்தக் குரலோடு வரவில்லை.

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒரு குறையாவது சொல்லாவிட்டால் முகஸ்துதி என்பார்கள். ஆகவே பாலக்காடு மாவட்டப் பஞ்சாயத்தைக் கண்டிக்கிறேன். கரிம்பா பஞ்சாயத்தில், தூப்பநாட்டுப் புழையில், மீன்வல்லம் அருவி. ஆணையம், ஒப்பந்தம், சுரங்கக் குழாய் என்ற மரியாதையெல்லாம் தெரியாத இந்த உள்ளாட்சிக்காரர்கள், சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கி, பெரிய அணை எதுவும் கட்டாமல், 3 மெகாவாட் நிலையம் அமைத்து, 2014-ல் ஓடவும் விட்டுவிட்டார்கள். மழைக்காலத்தில் மின்சாரம் எடுக்கிறார்கள், வாரியத்துக்கே விற்கிறார்கள், வரும் காசு மாவட்டத்துக்கே போகிறது. வெட்கக்கேடு! இப்படி ஆளாளுக்குத் தன் ஊர் அருவியைப் பார்க்கத் தொடங்கினால் புகளூர்க் கம்பியின் கதி என்ன? பஞ்சாயத்து உறுப்பினர்களே மின் நிலையம் நடத்தலாம் என்ற தவறான எண்ணம் ஜனங்களுக்கு வந்துவிடாதா? நல்லவேளை, அவர்களின் அடுத்த திட்டமான பாலக்குழி, வெறும் 1 மெகாவாட், வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டு போய் மாநிலத்தின் மானத்தைக் காத்தது. பழக்கதோஷம் தொற்றத் தொடங்கியிருக்கிறது. போகப் போகச் சரியாகிவிடுவார்கள்.

2024 மே மாதத்து வெயிலில் கேரளத்தின் மின்தேவை ஒரு நாள் 5,797 மெகாவாட்டைத் தொட்டது. ஃபியூஸ் போன ஊர்களில் நள்ளிரவில் செக்‌ஷன் ஆபீஸ் முன்னால் பாயும் தலையணையுமாகப் போய் உட்கார்ந்தார்கள் ஜனங்கள். அதே இரவில் கணவாயின் கிழக்கு வாயில், காற்றுக்காலம் தொடங்கப் போகிறது என்று உடுமலைக் காத்தாடிக்காரர்கள் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார்கள். இந்தக் காட்சியில் யாருக்குக் குறை? கொடுப்பவருக்குப் புகழ், எடுப்பவருக்குக் கரண்டு, நடுவே வேர்த்துப் புழுங்குகிறவருக்குச் சம்பூரண வைத்யுதி.

வள்ளலைப் பாடிய புலவன் பரிசில் கேட்பது மரபு. காற்றில் பங்கு கேட்கவில்லை; கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் வள்ளலுக்கு இழுக்கு. காஞ்சிக்கோட்டின் ஒன்பது காத்தாடிகளுக்கும் முப்பது வயதாகிவிட்டதே, அந்த இடத்தில் உயரமாக, பெரிதாக மாற்றி நடக் கூடாதா என்றும் கேட்கவில்லை. கேட்டால் அறிக்கை வரும், அறிக்கைக்கு வரைவு விதி வரும், வரைவு விதிக்கு இணையவழி விசாரணை வரும். இந்தப் பாராட்டை ஆட்சேப மனுவாக எடுத்துக்கொண்டுவிட வேண்டாம் என்று மட்டும் ஆணையத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். பாராட்டுவதற்கும் ஏதாவது கட்டணம் உண்டென்றால் தயங்காமல் அடுத்த பில்லில் சேர்த்துவிடலாம். சர்சார்ஜுக்குக் கீழே, மொத்தத்துக்கு மேலே, இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.